பட்டறைக்காரருக்குப் புரிகிற படம்

கோலாலம்பூரில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: இரண்டு வருடமாகப் பழைய இரும்புப் பட்டறைகள், ரயில்வே கொட்டகைகள், புகைபோக்கிகள் என்று தேடிப் போய்ப் படம் எடுக்கிறேன். நண்பர்கள் பாராட்டுகிறார்கள். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தாத்தாவிடம் காட்டினேன். நாலைந்து படம் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குய்யா" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கே எல்லாப் படமும் ஒன்றுபோல் தோன்றுகிறது. எதை மாற்ற வேண்டும்? எங்கே போய் எடுக்கலாம்?

தம்பி, நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு படங்களையும் பார்த்தேன். கூரை ஓட்டை வழியாக வெயில் இறங்கும் படம் உண்மையிலேயே அழகு. ஆனால் பன்னிரண்டிலும் துரு, உடைந்த கண்ணாடி, சுவரில் முளைத்த ஆலங்கன்று. அந்த இடத்தில் என்ன வேலை நடந்தது என்று ஒரு படத்திலும் சட்டென்று தெரியவில்லை. உங்கள் தாத்தா அதைத்தான் தேடியிருப்பார். இது எந்தக் கொட்டகை, எஞ்சின் எந்தப் பக்கமாக உள்ளே வரும், தான் எங்கே நின்றோம் என்று பேச்சைத் தொடங்க ஒரு பிடி கிடைத்திருந்தால், கைப்பேசி அவ்வளவு சீக்கிரம் உங்கள் கைக்கு வந்திருக்காது.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் என் அப்பா. அவரும் செந்தூலில் ஃபிட்டராக இருந்தவர். நான் படம் எடுக்கத் தொடங்கிய புதிதில், ஒரு பழைய கொட்டகையில் தொங்கிய கிரேன் கொக்கியை மட்டும் பெரிதாக எடுத்து, பிரிண்ட் போட்டு அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "கொக்கி தொங்குது. எதுல தொங்குது?" என்று கேட்டார். என் படத்தில் அதற்குப் பதில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கொட்டகைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போனேன். கொக்கி, கம்பிவடம், வடம் சுற்றும் உருளை, உருளையைத் தாங்கும் வண்டி, வண்டி ஓடும் குறுக்குத் தூலம், அந்தத் தூலமே நகர்ந்து போகும் தண்டவாளம், தண்டவாளத்தைத் தாங்கும் தூண் என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார். தூண் பாதி உயரத்தில் ஏன் ஒரு படிபோல வெளியே நீண்டிருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. தூக்கிய எஞ்சினின் மொத்தச் சுமையும் அந்தப் படியில் வந்துதான் உட்காரும். நடுக்கொட்டகை ஏன் உயரம், பக்கக் கொட்டகைகள் ஏன் தாழ்வு என்பதும் அதே கணக்குதான். கிரேன் ஓடுகிற இடம் உயர்ந்தது, கைவேலை நடக்கிற இடம் தாழ்ந்தது. அப்புறம் எந்தக் கொட்டகைக்குள் நுழைந்தாலும் நான் முதலில் பார்ப்பது கிரேன் தண்டவாளத்தைத்தான்.

ஆக, நீங்கள் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. சுமை எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது, பொருள் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று தெரிந்துகொண்டு, அது தெரியும் இடத்தில் நில்லுங்கள். துருவும் ஒளிக்கற்றையும் எப்படியும் படத்துக்குள் வந்துவிடும். அவற்றைத் தேடிப் போக வேண்டாம்.

உங்கள் தாத்தாவின் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். செந்தூல் பட்டறைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் கூட்டு மாநிலங்களின் ரயில்வேக்காகக் கட்டப்பட்டவை. 1945இல் நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டதில் பெரும் சேதம் ஏற்பட்டு, போருக்குப் பின் திரும்ப எழுந்தவை. ஒரு நீராவி எஞ்சின் பெரிய பழுதுபார்ப்புக்கு வந்தால் அதை முழுசாகப் பிரித்துப் போடுவார்கள். கிரேன் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து தூக்கும். சக்கரங்கள் கடைசலுக்குப் போகும். கொதிகலன் தனிக் கொட்டகைக்குப் போய், உள்ளே இருக்கும் குழாய்கள் உருவப்பட்டுப் புதியவை செருகப்படும். வார்ப்பு வேலைக்கு ஒரு பக்கம், கொல்லுலைக்கு ஒரு பக்கம், பெட்டிகளுக்கான மரவேலைக்கு இன்னொரு பக்கம். எல்லாம் முடிந்து திரும்ப ஒன்றுகூடும் இடம் அந்த உயர்ந்த நடுக்கொட்டகை.

இதைத் தெரிந்துகொண்டால் வெளியே நின்றே கட்டடத்தைப் படிக்கலாம். கூரை முகட்டின் மேல் இன்னொரு சின்னக் கூரை தூக்கி வைத்ததுபோல் இருந்தால், கீழே உலையோ கொல்லுப்பட்டறையோ இருந்திருக்கும். புகையும் சூடும் மேலே போக வழி வேண்டுமே. கூரை ரம்பப்பல்போல் வரிசையாக இருந்து, செங்குத்துப் பக்கத்தில் கண்ணாடி போட்டிருந்தால், அங்கே நுணுக்க வேலையோ சாயவேலையோ நடந்திருக்கும். நிழல் விழாத வெளிச்சம் தேவைப்பட்ட இடம் அது. தண்டவாளம் கதவுக்குள் நுழைகிறதா, கதவோடு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். அந்தக் கதவுதான் உங்கள் முதல் படம்.

இந்த வழியில் உலகத்துக்கே பாடம் எடுத்தவர்கள் ஜெர்மனியின் பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதி. பெர்ன்ட் பிறந்தது இரும்புச் சுரங்கங்கள் நிறைந்த சீகன் பகுதியில். 1950களில் அங்கே ஒரு சுரங்கக் கட்டடத்தை வரைய உட்கார்ந்தார். வரைவதற்குள் இடித்துக்கொண்டிருந்தார்கள். கை எட்டாத வேகத்துக்குக் கேமராவை எடுத்தார். 1959 முதல் இருவரும் சேர்ந்து ஊதுலைகள் (தாதுவிலிருந்து இரும்பை உருக்கும் பெரிய உலைகள்), தண்ணீர்த் தொட்டிகள், எரிவாயுக் கலங்கள், சுரங்கக் கோபுரங்கள் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகள் எடுத்தார்கள். பெரிய ஃபிலிம் கேமரா, மேகம் மூடிய வானம், கட்டடத்தின் பாதி உயரத்துக்கு ஏணியோ மேடோ தேடி ஏறி நேருக்கு நேர் ஒரு பார்வை. பிறகு ஒரே வகைக் கட்டடங்களை ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று கட்டம் கட்டி மாட்டுவார்கள். பத்துத் தண்ணீர்த் தொட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எது அவசியம், எது கட்டியவரின் கைவண்ணம் என்று பிரிந்து தெரியும். 1990இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான பரிசு கொடுத்தார்கள். புகைப்படக்காரர்களுக்குச் சிற்பப் பரிசு! அந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவர்கள் காத்துக் கிடந்த அந்த வெள்ளை வானம் நமக்கு வாரத்தில் பாதி நாள் இலவசமாகக் கிடைக்கிறது. கோலாலம்பூரில் பிற்பகல் மழைக்கு முன் வானம் மூடும் அந்த ஒரு மணி நேரத்தில், கூட்டத்தோடு கூட்டமாக வீட்டுக்கு ஓடாமல் கேமராவை எடுங்கள். நிழல் இல்லாத அந்த வெளிச்சத்தில்தான் குழாயும் தூலமும் ஏணியும் சிக்கலாகப் பின்னிக் கிடக்கும் உலோக அமைப்பு தெளிவாகப் பிரிந்து தெரியும். வெயிலில் எடுத்தால் பாதி குழாய்கள் நிழலா இரும்பா என்றே புரியாது.

வெயில் வேண்டியது வேறு காரியத்துக்கு. தறையாணி (ரிவெட்) தலைகள், வார்ப்பு எழுத்துகள், சுத்தியல் தழும்புகள் எல்லாம் பக்கவாட்டு வெயிலில்தான் எழுந்து நிற்கும். அதற்கு நம் ஊர்ச் சூரியனின் கணக்கு தெரிய வேண்டும். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சியில் போகும். இடைப்பட்ட ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அது வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பார்த்த சுவரில் வெயில் விழ வேண்டுமென்றால் ஜூனில் போங்கள், தெற்குச் சுவருக்கு டிசம்பர். நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுவதால், உச்சி வெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஒன்றேகால் மணியை ஒட்டி. அதனால் காலையில் ஒன்பதரை வரைகூட நல்ல சாய்வெளிச்சம் இருக்கும். அவசரப்படாமல் பசியாறிவிட்டே போகலாம். இங்கிலாந்தில் வடக்குப் பார்த்த ரம்பப்பல் கூரைக்குள் வேலை நேரத்தில் நேர் வெயிலே வராது. நம் ஊரில் பாதி வருடம் வரும். அந்த மாதங்களில் தரையில் விழும் கண்ணாடிக் கட்டங்களை எடுக்க மறக்காதீர்கள்.

இரும்பையும் வகை பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வார்ப்பு இரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தாலும் வளைத்தாலும் உடையும். அதனால் அது பெரும்பாலும் தூணாக நிற்கும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு மெல்லிய தழும்புபோல் மேலிருந்து கீழ்வரை ஓடும். வார்ப்பகத்தின் பெயர் புடைத்த எழுத்தில் அடியில் இருக்கும். தேனிரும்பும் எஃகும் தகடாகவும் கோணமாகவும் வந்து தறையாணியால் இணைக்கப்பட்டவை. எஃகுத் தூலத்தின் நடுத்தகட்டில் உருட்டும்போதே பதித்த ஆலைப் பெயர் இருக்கும். இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் இருந்த டார்மன் லாங் ஆலையின் பெயரைப் பழைய காலனிக் கட்டடங்களில் கவனித்துத் தேடுங்கள்.

தறையாணி பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்கிறேன். அது நான்கு பேர் வேலை. ஒருவர் உலையில் பழுக்கக் காய்ச்சி எறிவார், ஒருவர் வாளியில் பிடித்துத் துளையில் செருகுவார், ஒருவர் தலைப்பக்கம் முட்டுக்கொடுத்து நிற்பார், ஒருவர் மறுபக்கம் அடித்துத் தலை உருட்டுவார். ஆறும்போது ஆணி சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். 1950, 60களில் வெல்டிங்கும் உறுதி மிகுந்த போல்ட்டும் வந்து அந்த வேலை போய்விட்டது. அதனால் ஒரே கொட்டகையில் தறையாணி வைத்த தூணும் வெல்டிங் வைத்த தூணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், அங்கே ஒரு பழுதோ விரிவாக்கமோ நடந்திருக்கிறது. அந்த இரண்டு தூண்களையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். கட்டடத்தின் வரலாறு அதில் இருக்கிறது.

கேமரா விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முக்காலி இல்லாமல் போகாதீர்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நேரம் எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை. இருட்டுக் கொட்டகையில் ஜன்னலுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என மூன்று அளவில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சேர்க்கும்போது நிழலை முழுக்க வெளுத்துவிடாதீர்கள். பட்டறை இருட்டாகத்தான் இருந்தது. கேமராவை அண்ணாந்து சாய்த்தால் தூண்கள் உள்ளே விழும். பின்னால் நகருங்கள், உயரம் தேடுங்கள், கேமராவை மட்டமாக வையுங்கள். ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனிக்கும். பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். வீட்டில் ஈரப்பதம் நாற்பது முதல் ஐம்பது சதவீதத்துக்குள் இருக்கும் உலர்பெட்டி இல்லையென்றால், நம் சீதோஷ்ணத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் நிச்சயம்.

எங்கே போவது என்று கேட்டீர்கள். முதலில் கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையம். கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1910இல் திறந்தது. எல்லோரும் எதிரே நின்று குவிமாடங்களை எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு கோமுட்டர் (புறநகர் ரயில்) டிக்கெட் வாங்கி உள்ளே போய் நடைமேடைக் கூரையைப் பாருங்கள். வெளியே அரண்மனை, உள்ளே இரும்புக் கொட்டகை. இரண்டும் ஒட்டும் இடத்தைத் தேடி எடுங்கள். அதைப் படிக்க ஒரு முழுக் காலை போதாது.

செந்தூலில் பட்டறை வேலை பேராக்கின் பத்து காஜாவுக்குப் போய்விட்டது. மிச்சமிருக்கும் கட்டடங்களில் சில நிகழ்ச்சிக் கூடங்களாக மாறியிருக்கின்றன. பக்கத்துப் பூங்காவில் 2005இல் திறந்த நாடக அரங்கமும் பழைய ரயில்வே கட்டடம் ஒன்றைத் தழுவியதுதான். புதிய சாயம், அலங்கார விளக்கு என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். தூண் அதே தூண்தான், தரையில் தண்டவாளம் புதைந்திருக்கும் இடங்களும் உண்டா என்று குனிந்து பாருங்கள்.

சான் சோவ் லின் சாலை வேறு மாதிரி. வெள்ளீயச் சுரங்கத்திலும் இரும்பு வார்ப்பிலும் பெயரெடுத்த சீன முதலாளியின் பெயர் அது. அந்தச் சுற்றுவட்டாரம் நெடுங்காலம் உலோக வேலைக்குப் பேர் போனது. இங்கே பெஹர் தம்பதியின் முறையை அப்படியே கடைப்பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் ஆளில்லாமல் எடுத்தார்கள். இயங்கும் பட்டறையில் ஆள்தான் அளவுகோல். முதல் நாள் கேமரா இல்லாமல் போய் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) பேசுங்கள். வார்ப்பகமாக இருந்தால் மர மாதிரி, மணல் அச்சு, ஊற்றுவது, ஆறியபின் மணலை உடைத்து எடுப்பது, பிசிறு தேய்ப்பது என்று வரிசையாக எடுங்கள். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்றாம் முறை போகும்போது அவர்களே "இன்னைக்குப் பெரிய ஊத்து இருக்கு, வா" என்பார்கள்.

வார இறுதி கிடைத்தால் பத்து ஆராங். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். மலாயன் காலியரீஸ் கம்பெனி 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டிய ஊர். ரயில்வேக்கும் மின்நிலையத்துக்கும் கரி அங்கிருந்துதான் போனது. 1937இல் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்து சுரங்கத்தையே கைப்பற்றினார்கள். செங்கல் சூளையும் புகைபோக்கிகளும் இன்னும் நிற்கின்றன. புகைபோக்கியைத் தனியாக எடுக்காமல், அது எந்தச் சூளைக்கோ கொதிகலனுக்கோ சொந்தம் என்று கண்டுபிடித்து, இரண்டையும் சேர்த்து எடுங்கள்.

பேராக்கில் தஞ்சோங் துவாலாங்கில் ஓர் ஈயக்கப்பல், அதாவது வெள்ளீயம் தோண்டும் மிதக்கும் எந்திரம், இருக்கிறது. 1938இல் கட்டி 1982 வரை ஓடியது, சுமார் 4,500 டன். தான் தோண்டிய குளத்தில் தானே மிதந்து, முன்பக்கம் வாளிச்சங்கிலி மண்ணை அள்ள, நடுவில் தண்ணீரும் அதிர்வும் கனமான ஈயத்தைப் பிரிக்க, பின்பக்கம் மணல் கொட்டும். பொருள் நுழைந்து வெளியேறும் பாதையைப் படத்தில் காட்டப் பழக, இதைவிட நல்ல பாடசாலை இந்த நாட்டில் இல்லை.

இரும்புப் பட்டறை தேடிப் போகிறவரிடம் இரும்பாலையைச் சொல்லாமல் விட முடியுமா? பினாங்கு மாநிலத்தின் பிறையில் மலாயாவாத்தா எஃகாலை இருந்தது. 1961இல் ஜப்பானின் யவாட்டா இரும்பு நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்தது. ஊதுலைக்கு ஏற்ற கோக் கரி (நிலக்கரியைச் சுட்டு எடுப்பது) நம் நாட்டில் கிடையாது. அதனால் வயதாகி வெட்டிப் போட்ட ரப்பர் மரங்களைக் கரியாக்கி அதில் இரும்பை உருக்கினார்கள். மரக்கரி சுலபமாக நொறுங்கும். மேலே கொட்டும் தாதுவின் பாரத்தை அதிகம் தாங்காது. அதனால் மரக்கரி உலையைக் கோக் உலை அளவுக்கு உயரமாகக் கட்ட முடியாது. உலையின் உருவத்தையே நம் ஆட்கள் பால் வெட்டிய மரம் தீர்மானித்திருக்கிறது! இதை முதலில் தெரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த இடம் இப்போதும் இயங்கும் தனியார் ஆலை, உள்ளே போக முடியாது. ஆனால் இதைப் பற்றி ஒரு படத்தொடர் செய்தால், அது பிறையில் இல்லாமல் ஏதோ ஒரு தோட்டத்துப் பால்மரத்தில், பழைய வெட்டுக்காயத்தில் தொடங்க வேண்டும். பழைய ஊதுலையை உள்ளே ஏறி இறங்கிப் பார்க்க ஆசையென்றால் ஜெர்மனிக்குக் காசு சேர்த்துக்கொள்ளுங்கள். 1986இல் நின்றுபோன ஃபோல்க்லிங்கன் ஆலையின் ஆறு ஊதுலைகளும் அப்படியே நிற்கின்றன; 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

அனுமதி விஷயத்தில் குறுக்கு வழி வேண்டாம். துப்பாக்கி நீட்டும் சிப்பாய் படம் போட்ட சிவப்புப் பலகை இருந்தால், அது 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்ட இடம். தமிழிலும் எழுதியிருப்பார்கள், படித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். உங்கள் படம் ஒன்றில் நீங்கள் தகரக் கூரைமேல் நின்று எடுத்தது தெரிகிறது. தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். பழைய கூரைத் தகடுகளில் பல ஆஸ்பெஸ்டாஸ். மிதித்தால் உடையும், உடைந்தால் தூசு நுரையீரலுக்குப் போகும். தனியாகவும் போகாதீர்கள். தண்ணீர் தேங்கிய குழி எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து தெரியாது.

சரி, தாத்தா விஷயம். அந்தப் பன்னிரண்டில் மூன்றாவது படம், சுவரோரம் நீளமான பள்ளம் தெரிகிறதே, அது எஞ்சினின் அடியில் நின்று வேலை செய்யும் குழி. அந்த ஒன்றை மட்டும் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் பிரிண்ட் போடுங்கள். கைப்பேசியில் காட்ட வேண்டாம், அவர் கண்ணுக்குச் சிரமம். மேசையில் வைத்து, "இந்தக் குழிக்குள்ள எப்படித் தாத்தா இறங்குவீங்க?" என்று கேளுங்கள். சொல்லும் பெயர்களை, அவர் சொல்கிற உச்சரிப்பிலேயே, பென்சிலால் படத்தின் பின்பக்கம் எழுதுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், முன்பக்கம் அழுந்தித் தெரியும். ஒரு வாரம் கழித்து அவரையும் பழைய ஸ்டேஷன் நடைமேடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காலை எட்டு மணிக்குக் கூட்டம் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும், ஒன்பதுக்கு மேல் போனால் உட்கார இடம் கிடைக்கும்.